சாதாரண கியர் சைக்கிளில் மிட் டிரைவ் மோட்டார்: குன்னூர்–ஊட்டி ஏற்றத்துக்கு எது சரிவரும்?

தேயிலைச்சரிவு கேட்டது:

வணக்கம். 26 அங்குல எஃகு பிரேம் சைக்கிள். முன்னால் 3, பின்னால் 7 கியர், ஃப்ரீவீல் 14–28 பல், வி பிரேக், எடை 16 கிலோ. பையோடு என் எடை 82 கிலோ. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போய்வர வேண்டும், ஒரு வழி சுமார் 18 கிலோமீட்டர். பிரதான சாலை பரவாயில்லை. வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் ஒன்றரை கிலோமீட்டர் கிளைப்பாதைதான் செங்குத்து, 10 சதவீத ஏற்றம் இருக்கும்.

பெடல் அச்சில் மாட்டும் மிட் டிரைவ் மோட்டார் கிட்களில் பாஃபாங் பிபிஎஸ் வரிசையையும் டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2-வையும் பார்த்து வைத்திருக்கிறேன். 250 வாட் போதுமா, 750 வேண்டுமா? பாட்டம் பிராக்கெட்டில் (பிரேமில் பெடல் அச்சு போகும் குழாய்) பொருந்துமா என்று காசு கொடுக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? பேட்டரி எவ்வளவு வாங்க வேண்டும்? திரும்பி வரும் இறக்கத்தில் சார்ஜ் ஏறுமா?

பல்சக்கரம்:

வணக்கம் சார். வாட்டுக்கு முன்னால் பல் கணக்கைப் போடுங்கள். மோட்டாரின் விசை உங்கள் கியர் வழியாகப் பின் சக்கரத்துக்குப் போகிறது என்பதுதான் மிட் டிரைவின் ஒரே பலம். அந்தக் கியர் சரியில்லாவிட்டால் 750 வாட் போட்டாலும் மோட்டார் மெதுவாகச் சுற்றித் திணறும், மின்சாரம் வெப்பமாகப் போகும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் மாஸ்ஃபெட் என்ற மின் ஸ்விட்ச் எரியும். பிபிஎஸ் வரிசையின் சக்தி கூடிய மாடலான பிபிஎஸ்02 பழுதாகும் கதைகளில் பெரும்பாலானவை, பெரிய கியரிலேயே ஏற்றம் ஏறியதால் வந்தவை.

உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன். மோட்டார் 4 கிலோ, பேட்டரி 3 கிலோ சேர்த்தால் மொத்தம் 105 கிலோ. இதை 10 சதவீத ஏற்றத்தில் நகர்த்த ஏறத்தாழ 115 நியூட்டன் விசை வேண்டும். மோட்டார் 250 வாட்டும் உங்கள் கால் 80 வாட்டும் கொடுத்தால், செயின் இழப்பு போக, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தில் 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 81 முறை சுற்றும். பிபிஎஸ் கிட்டோடு வரும் 46 பல் செயின் வீல், உங்கள் ஃப்ரீவீலின் 28 பல் என்றால் கிராங்க் (பெடல் மாட்டிய கை) நிமிடத்துக்கு 49 சுற்றுதான். மோட்டாருக்கு இது ரொம்பக் குறைவு. பின்னால் 34 பல் போட்டால் 60 ஆகும். செயின் வீலையும் 42 பல்லாக்கினால் 66. இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு 250-க்கும் 750-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை விடக் குறைவு, பலனோ அதிகம்.

ஆகவே 14–34 மெகா ரேஞ்ச் ஃப்ரீவீல் வாங்குங்கள். அதில் 24-லிருந்து நேராக 34-க்குத் தாவும், பழகினால் போதும். பின் டெரெய்லர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) 34 பல்லை ஏற்குமா என்று பாருங்கள். ஷிமானோ டூர்னி டிஒய்300 ஏற்கும், 28 பல்லோடு நிற்கும் மாடல்கள் ஏற்காது. 42 பல் வாங்கும்போது பிபிஎஸ்-க்கென்றே உள்வாங்கிச் செய்த அலுமினிய செயின் வீலாகக் கேளுங்கள். தட்டையான சிறிய வீல் மோட்டாரின் கியர் பெட்டியில் இடிக்கும், அதற்காக வெளியே தள்ளி மாட்டினால் செயின் கோணலாக ஓடும். 42-க்கு 14 போட்டு நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் 27 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, சமதளத்துக்கு அது தாராளம்.

முன் டெரெய்லரும் மற்ற இரண்டு செயின் வீல்களும் கழன்றுவிடும். செயினைப் புதிதாக அளந்து வெட்டுங்கள்: டெரெய்லரில் நுழைக்காமல் முன் வீலையும் 34 பல்லையும் சுற்றி, இறுக்கிப் பிடித்த நீளத்தோடு 2 கண்ணி கூட்டிக்கொள்ளுங்கள்.

மரை_வலம்:

பொருந்துமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிட் மோட்டாரின் நடுக்குழாய் 33.5 மில்லிமீட்டர் விட்டம். அது பிரேமின் பாட்டம் பிராக்கெட் குழாய்க்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். பிரேமில் இருக்கும் மரையை மோட்டார் பயன்படுத்துவதே இல்லை. ஆகவே குழாயின் அகலம் 68 முதல் 73 மில்லிமீட்டர், உள்விட்டம் 33.5-ஐ விடச் சற்று அதிகம், இந்த இரண்டும் இருந்தால் போதும். வெர்னியர் வைத்து அளக்க, கிராங்கையும் அச்சைத் தாங்கும் கப்பையும் கழற்றித்தான் ஆக வேண்டும். கிராங்க் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்ற விடாதீர்கள். செயின் பக்கத்துக் கப் இடது மரை, அதாவது வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். கடையில் பையன்கள் தவறாகத் திருப்பி இறுக்கிவிடுவது இங்கேதான்.

இடது கிராங்க், அச்சு, வலது கிராங்க் மூன்றும் ஒரே கம்பியாக வளைந்து வரும் சைக்கிள் என்றால் குழாய் 51 மில்லிமீட்டர், உள்ளே மரையும் இருக்காது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். காட்டர் பின் வைத்த பழைய கறுப்புச் சைக்கிளில் மோட்டார் நுழைந்தாலும், ஒற்றைக் கியரும் கம்பி பிரேக்கும் கொண்ட வண்டிக்கு மிட் டிரைவ் வீண். சமதள ஊர்க்காரர்கள் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் போட்டுக்கொள்வது நல்லது.

பிரேமின் அடியில் கியர் கேபிள் போகும் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா பாருங்கள். மோட்டார் சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். கேபிள் நசுங்கினால் கியர் விழாது.

தேயிலைச்சரிவு:

நன்றி. கழற்றி அளந்தேன். அகலம் 68. இரண்டு ஓரத்திலும் உள்விட்டம் 34 வருகிறது, ஆனால் நடுவில் சீட்டிலிருந்து இறங்கும் சீட் ட்யூபும் ஹேண்டில் பக்கத்திலிருந்து இறங்கும் டவுன் ட்யூபும் சேரும் இடத்தில் வெல்டிங் கசடு உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறது. அடியில் பிளாஸ்டிக் துண்டும் இருக்கிறது, பின் கியர் கேபிள் அதன் வழியாகத்தான் போகிறது.

மரை_வலம்:

இரண்டும் தீரக்கூடியவை. அரைவட்ட அரத்தால் கசடை மட்டும் தேயுங்கள், குழாயின் சுவரைத் தொட வேண்டாம். இரும்புத்தூளைத் துடைத்தெடுத்து உள்ளே மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மோட்டார் கையால் தள்ளினாலே போக வேண்டும். தட்டி நுழைத்தால் பிறகு வெளியே எடுப்பது பெரும் பாடு. பிளாஸ்டிக் துண்டைக் கழற்றிவிட்டு, பின் டெரெய்லர் கேபிளை ஷிஃப்டரிலிருந்து டெரெய்லர் வரை முழு அவுட்டர் உறையோடு டாப் ட்யூப் வழியாகக் கொண்டுபோங்கள். மழையில் சேறும் ஏறாது.

மாட்டும் முறை: வலப்பக்கத்திலிருந்து மோட்டாரை நுழையுங்கள். கியர் பெட்டி செயின் ஸ்டேயில் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) இடித்தால் மட்டும் வலப்பக்கம் மெல்லிய வாஷர் போடலாம், தேவையில்லாமல் போட்டால் செயின் வரிசை இன்னும் வெளியே போகும். இடப்பக்கம் பிடிப்புத் தகட்டின் பல் பிரேமைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். இப்போது மோட்டாரை மேலே தூக்கி, டவுன் ட்யூபில் ஒரு ரப்பர் துண்டோடு முட்டி நிற்க வையுங்கள். செயின் வீலை முன்னோக்கிச் சுழற்றும்போது எதிர்விசை மோட்டார் உடலை மேல்நோக்கித்தான் தள்ளும், ஆகவே அது முதலிலேயே அங்கே முட்டி நிற்க வேண்டும். பிறகு நடுக்குழாயில் ஏறும் எம்33 நட்டை 30–40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள், அதற்கான சாவி கிட்டோடு வராவிட்டால் தனியாக வாங்கியே ஆக வேண்டும். அடுத்து இரண்டு போல்ட், அவை அலுமினியத்தில் இறங்குவதால் அளவோடு இறுக்குங்கள், மரை போனால் மோட்டார் உடலே போன மாதிரி. கடைசியாக வெளி லாக் நட்.

கிராங்க் போல்ட் 35–40 நியூட்டன் மீட்டர். இடது கிராங்க் தளர்ந்தபடி ஓட்டினால் சதுரத் துளை உருண்டு அந்தக் கிராங்க் வீணாகும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் எம்33 நட்டைக் கட்டாயம் மறுபடி இறுக்குங்கள். பிடிப்புத் தகட்டின் பல் பெயின்ட்டைக் கடித்து உள்ளே இறங்குவதால் எல்லா வண்டியிலும் அது தளரும்.

பத்து_எஸ்:

பேட்டரி கணக்கு நான் சொல்றேன். குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240. உங்க கிளைப்பாதை 150 மீட்டர் சேர்த்து 540 மீட்டர் ஏறணும். 105 கிலோவுக்கு அது 155 வாட்-மணி. டயர் இழப்பு 40, காத்து 45, ஆக மொத்தம் 240. நீங்க 80 வாட் மிதிச்சுக்கிட்டே போனா ஒரு மணி பத்து நிமிஷத்துல 90 உங்க கால் கணக்கு. மீதி 150-ஐ மோட்டார் கொடுக்கணும். மோட்டாரும் செயினும் சேர்ந்து 75 சதவீதத் திறன்னு வச்சா பேட்டரியிலிருந்து 200. திரும்பி வர நடுவுல வர்ற சின்ன மேடுகளுக்கு 40 வைங்க. ஆக 240 வாட்-மணி. உடம்பு முடியாத நாள்ல மிதிக்காம வந்தா 380 வரைக்கும் போகும். அதனால 36 வோல்ட் 10.4 ஆம்பியர்-மணி, அதாவது 374 வாட்-மணி பேக் பத்தாது. 36 வோல்ட் 13 ஆம்பியர்-மணி வாங்குங்க, 468 வருது.

வாங்கும்போது 10 சீரிஸ் 5 பேரலல் (5 செல் பக்கத்துல பக்கத்துல சேர்த்த தொகுதி 10), 2.6 ஆம்பியர்-மணி செல்லான்னு கேளுங்க. 250 வாட் பிபிஎஸ்01 அதிகபட்சம் 15 ஆம்பியர் இழுக்கும், செல்லுக்கு 3 ஆம்பியர்தான் விழும், சூடாகாது. பேட்டரியைக் காக்கிற பிஎம்எஸ் சர்க்யூட் தொடர்ந்து 20 ஆம்பியராவது தாங்கணும். இதுல குறைச்சா ஏத்தத்துல பாதியில டிஸ்பிளே அணைஞ்சு போகும், பேட்டரி மேல சந்தேகம் வரும், உண்மையில பிஎம்எஸ் தன்னைக் காப்பாத்திக்கிட்டதுதான். 36 வோல்ட் மோட்டாருக்கு 48 வோல்ட் பேக் மாட்டவே கூடாது, முழு சார்ஜ்ல அது 54.6 வோல்ட்.

பேட்டரி வயரை மோட்டார் வயரோட சேர்க்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சு பிளஸ், மைனஸ் பாருங்க. மாத்திக் கொடுத்த ஒரே தடவையில கன்ட்ரோலர் போயிடும். டிஸ்பிளே, பிரேக், ஸ்பீடு சென்சார் கனெக்டர்ல அம்புக்குறி இருக்கும், அதை நேரா வச்சு அழுத்துங்க, திருகினா உள்ள ஊசி வளைஞ்சிடும். டிஸ்பிளேயில பிழை எண் 30 வந்தா பெரும்பாலும் இந்தக் கனெக்டர் கோளாறுதான். 21 வந்தா பின் சக்கர ஸ்பீடு சென்சார், ஆரையில இருக்கிற காந்தம் நகர்ந்திருக்கும்.

டிசம்பர், ஜனவரியில ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ லித்தியம் செல்லை சார்ஜ் பண்ணா உள்ள லித்தியம் படிஞ்சு செல் நிரந்தரமா கெடும். வெளியில நிறுத்துன வண்டியில சார்ஜர் செருகாதீங்க, பேக்கை வீட்டுக்குள்ள கொண்டுவந்து ஒரு மணி நேரம் கழிச்சு போடுங்க.

இறக்கத்துல சார்ஜ் ஏறாது. மோட்டாருக்குள்ள ஒரு வழி கிளட்ச், பின்னாடி ஃப்ரீவீல், ரெண்டையும் தாண்டி சக்கரத்தோட சுழற்சி மோட்டாருக்கு வரவே வராது.

சட்டத்தையும் சொல்லிடறேன். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி 2(யு): 30 நிமிட மோட்டார் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள. இதைத் தாண்டினா அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேணும். 750 வாட் போட்டுக்கிட்டு ஒரு விபத்துல மாட்டினா உங்க பக்கம் நிக்க ஆள் இருக்காது.

பல்சக்கரம்:

டிஎஸ்டிஇசட்2 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் டார்க் சென்சார் இருப்பதால் காலின் அழுத்தத்துக்கு ஏற்ப மோட்டார் உதவும், ஓட்டுவது இயல்பாக இருக்கும். பிபிஎஸ் கிராங்க் சுற்றுவதை மட்டுமே பார்க்கும். ஆனால் டிஎஸ்டிஇசட்2-வின் உள்ளே மோட்டாரிலிருந்து வெளி உறைக்கு வெப்பம் சரியாகக் கடத்தப்படுவதில்லை, நீண்ட ஏற்றத்தில் சூடு தேங்கும். உள்ளே இருக்கும் நைலான் பல் சக்கரமும் தேயும் பொருள். தெர்மல் பேட் வைத்து மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், திறந்து வேலை செய்யத் தயங்குபவருக்கு அது சரிவராது. உங்கள் பாதைக்கு 250 வாட் பிபிஎஸ்01-ஐத்தான் சொல்வேன்.

ஆனால் அதில் ஒன்று கவனிக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் மோட்டார் ஓடும். ஆகவே கிட்டில் வரும், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் பிரேக் லிவர்களைக் கட்டாயம் மாட்டுங்கள். கியர் சென்சாரும் வாங்கி கேபிளில் செருகுங்கள், கியர் மாறும் நொடியில் அது மின்சாரத்தை வெட்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் 24-லிருந்து 34-க்கு மாற்றும்போது செயின் அறுந்துவிடும். சென்சார் வரும்வரை பிரேக் லிவரை லேசாகத் தொட்டபடி கியர் மாற்றுங்கள், அதே வேலைதான் நடக்கும்.

ஃப்ரீவீலை மாட்டும் முன் ஹப் மரையில் நிறைய கிரீஸ். மோட்டார் இழுப்பில் அது இறுகி, அடுத்த முறை கழற்றவே வராமல் போகும். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க அச்சுக்குத் தாங்கல் குறைவு என்பதால் அச்சு வளையவும் செய்யும். பின் சக்கரம் ஆடுவது போல் இருந்தால் முதலில் கோட்டம் எடுக்கக் கொடுக்காமல் அச்சைக் கழற்றி உருட்டிப் பாருங்கள். செயின் 0.75 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள், விட்டால் புது ஃப்ரீவீலையும் தின்றுவிடும்.

மரை_வலம்:

பிரேக்கை யாரும் பேசவில்லை. 105 கிலோவோடு 500 மீட்டருக்கு மேல் இறங்கப் போகிறீர்கள். ரிம் அலுமினியமாக இருந்தால் நல்ல ரப்பர் கட்டை போட்ட வி பிரேக் தாங்கும். குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் மழையில் கட்டை வழுக்கும், மோட்டாருக்கு முன்னால் ரிம்மை மாற்றுங்கள். இறங்கும்போது பிரேக்கை அழுத்தியே வைத்திருக்காமல் முன், பின் மாற்றி மாற்றிப் பிடித்து விடுங்கள். தொடர்ந்து தேய்த்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். பிரேக் கட்டையின் பள்ளக்கோடு மறைந்துவிட்டதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள், இந்த எடைக்கு அது நீங்கள் பழகியதை விட வேகமாகத் தேயும்.

தேயிலைச்சரிவு:

36 வோல்ட் 250 வாட் பிபிஎஸ்01, 42 பல் உள்வாங்கிய செயின் வீல், 14–34 ஃப்ரீவீல், 13 ஆம்பியர்-மணி பேக், கியர் சென்சார் என்று முடிவு செய்கிறேன். ரிம் அலுமினியம்தான். பேட்டரியை டவுன் ட்யூபில் வைக்க பாட்டில் துளை இரண்டுதான் இருக்கிறது, 3 கிலோவை அது தாங்குமா?

பத்து_எஸ்:

ரெண்டு துளை மட்டும் பத்தாது, குழியில விழுந்தா கீழ் முனை ஆடி போல்ட் தளரும். மூணாவதா ஒரு ரிவெட் நட் போடலாம், ஆனா எஃகு பிரேம்ல புதுசா துளை போட்டா உள்ள தண்ணி இறங்கித் துரு பிடிக்கும். அதுக்குப் பதிலா பேக்கோட மேல், கீழ் ரெண்டு முனையிலயும் டவுன் ட்யூபைச் சுத்தி ரப்பர் வச்சு ஹோஸ் கிளாம்ப் போடுங்க. வயர் பேட்டரியிலிருந்து நேரா மோட்டாருக்குள்ள போகாம கீழே ஒரு வளைவு தொங்கி ஏறட்டும், மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும்.