ஸ்விஃப்ட் டீசல்: டவுன்பைப் மாற்றிய பிறகு ஏற்றத்தில் எஞ்சின் லைட் எரிகிறது, இழுவை போய்விடுகிறது

கல்லடி_டீசல்:

எல்லோருக்கும் வணக்கம். கார் சுஸுகி ஸ்விஃப்ட், 1.3 டீசல், 75 குதிரைவலு. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிழமைக்கு ஒருதரம் மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குப் போய் வருகிறேன், செங்கலடியால் திரும்பும் ஏ5 வீதியில்.

டர்போவிலிருந்து கீழே இறங்கும் பைப்பில் இருந்த ஃபிளெக்ஸ் துண்டு கிழிந்துவிட்டது. வீடு கடற்கரையோரம், உப்புக்காற்று சும்மா விடுமா? கம்பனிப் பைப்பின் விலையைக் கேட்டுத் தலை சுற்றியதால் ஒரு கராஜில் புதிதாகச் செய்வித்தேன். பழையது இரண்டு அங்குலம், புதியது இரண்டரை. "பெருப்பித்தால் இழுவையும் கூடும்" என்றார்கள். புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு நேர் பைப்பாகவே போட்டார்கள்.

கல்லடிப் பாலத்தில் ஓடினால் அருமை. மகா ஓயா வரை ஒரு குறையும் இல்லை. பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுசாக மிதித்தால், 2600 சுற்றுக்கிட்ட எஞ்சின் லைட் எரிகிறது. அதோடு கார் மாட்டு வண்டிதான், பின்னால் வரும் லொறி ஹோர்ன் அடித்துக் கொல்கிறது. ஓரங்கட்டிச் சாவியை நிறுத்திப் போட்டால் திரும்பவும் ஓடும், அடுத்த ஏற்றம் வரைக்கும்.

கராஜில் கேட்டேன். "கம்ப்யூட்டர் புதுப் பைப்பை ஏற்கவில்லை, ரிமாப் செய்ய வேணும்" என்கிறார்கள். ரிமாப் என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவதாம், அதற்குத் தனிக்காசு. செய்யலாமா?

ஏறாவூர்_வான்:

ரிமாப் செய்யுங்க மச்சான். பைப் பெருத்தால் செய்துதான் ஆகணும். இல்லாட்டி இன்டர்கூலர் ஹோஸ் எங்கேயாவது கழன்றிருக்கும், ஒயில் கசிவு இருக்கா என்று தடவிப் பாருங்க.

ஓய்வுபெற்ற_ஃபோர்மன்:

அவசரப்படாதே மனே. லைட் எரிந்தால் உள்ளே ஒரு இலக்கம் பதிந்திருக்கும். அந்த இலக்கத்தைக் கேட்காமல் ரிமாப் என்று வாயைத் திறக்கிறவனிடம் காசு கொடுக்காதே. புளூடூத் ஸ்கேனர் யாரிடமாவது இரவல் வாங்கு. கோட் என்ன, ஏறும்போது இன்டேக் அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் எவ்வளவு, இரண்டையும் எழுது. ஓட்டிக்கொண்டு போனைப் பார்க்காதே, பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போ.

இன்னொன்று. ஹோஸ் கழன்றால் காற்று குறையும், கறுப்புப் புகை வரும். நீ புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

கல்லடி_டீசல்:

ஐயா, புகை இல்லை. நேற்று மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். கோட் பி0234. இன்டேக் அழுத்தம் 190, 220 என்று ஏறி 255-இல் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்றிரண்டு செக்கன்தான், உடனே லைட். அது நல்ல பூஸ்ட்தானே?

ஓய்வுபெற்ற_ஃபோர்மன்:

நல்லதா? பி0234 என்றால் டர்போ அளவுக்கு மிஞ்சி ஊதுகிறது என்று பொருள். கம்ப்யூட்டர் பைப்பை ஏற்காமல் இல்லை. எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிட்டது, தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

அந்த 255-ஐயும் நம்பாதே. பொதுவான ஸ்கேனர் முறையில் அந்த அளவுக்கு இருக்கும் இடம் 255 கிலோபாஸ்கல் வரைக்கும்தான், அதற்குமேல் காட்ட வழியில்லை. உள்ளே 270-ம் இருக்கலாம்.

முதலில் சென்சர் பொய் சொல்கிறதா என்று பார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போடு. மட்டக்களப்பு கடல்மட்டம், 100 அல்லது 101 காட்ட வேணும். பதுளை 680 மீட்டர் உயரம், அங்கே 93 அளவில் வரும். அப்படி வந்தால் சென்சர் சரி.

அப்புறம் பார்க்க வேண்டியது வேஸ்ட்கேட். உன்னுடைய 75 குதிரைவலு எஞ்சினில் இருப்பது நிலையான இறக்கை டர்போ, 90 குதிரைவலுக்காரனுக்கு வருவது போல இறக்கை திருப்பும் டர்போ இல்லை. அழுத்தம் கூடினால் மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் காற்று ஒரு டப்பாவுக்குப் போய், அது கம்பியைத் தள்ளி, கம்பி ஒரு சின்ன மூடியைத் திறந்துவிடும். மிச்சப் புகை டர்போவைச் சுற்றாமல் நேரே பைப்புக்குள் போய்விடும். பைப் கழற்றும்போது அந்த ரப்பர் குழாயை இழுத்துவிட்டார்களோ தெரியாது. குழாய் கழன்றால் மூடி திறக்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

சம்மாந்துறை_வெல்டர்:

ஃபோர்மன் ஐயா சொன்னது சரி. ஆனால் குழாய் பொருத்தியபடியே இருந்தால் பிளாஞ்சை, அதாவது பைப்பை டர்போவோடு பூட்டும் தகட்டைப் பாருங்க தம்பி. நான் இந்த வேலையே செய்கிறவன், முன்பு ஒருதரம் நானும் இதே பிழையை விட்டிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பனிப் பைப்பின் வாய் டர்போவில் இருந்து எடுத்த இடத்திலேயே அகன்று, புனல் மாதிரி இருக்கும். அது அழகுக்கு இல்லை. வேஸ்ட்கேட் மூடி கதவு மாதிரி வெளிப்பக்கம் திறந்து அந்த இடத்துக்குள்தான் வரும். நாங்கள் என்ன செய்வோம்? தடித்த தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டு, பைப்பை உள்ளே செருகி, சுற்றி ஒட்டிவிடுவோம். கீழே பைப் இரண்டரை அங்குலமாக இருக்கலாம், வாயில் விளிம்பு நிற்கும். ஒட்டுத் தழும்பு உள்ளுக்குள் தள்ளினால் இன்னும் மோசம். மூடி கொஞ்சம் திறந்ததும் விளிம்பில் தட்டி நின்றுவிடும்.

சமதரையில் தெரியாது. ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போதுதான் மூடி அகலத் திறக்க வேண்டிவரும்.

கல்லடி_டீசல்:

சாவி மட்டும் போட்டுப் பார்த்தேன், 101. சென்சர் சரி. ரப்பர் குழாயும் கிளிப்போடு இருக்கிறது, வெடிப்பு இல்லை. சம்மாந்துறைக் காக்கா, பைப்பைக் கழற்றாமல் இதைச் சோதிக்க வழி உண்டா?

சம்மாந்துறை_வெல்டர்:

உண்டு. மீட்டர் வைத்த சைக்கிள் பம்ப் போதும். எஞ்சின் ஆற வேண்டும், சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, அந்த இடத்தில் கை பட்டால் தோல் உரிந்துவிடும். டப்பாவிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றி, பம்ப் குழாயைப் பொருத்தி மெதுவாக அடியுங்க. 25 பி.எஸ்.ஐ.-யைத் தாண்ட வேண்டாம். கம்பியில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்து எவ்வளவு நகருகிறது என்று அளவுகோலால் பாருங்க. பிறகு டர்போப் பக்கத்து நட்டுகளை இளக்கிப் பைப்பை ஒரு விரல் கீழே இறக்கிவிட்டு, அதே அழுத்தத்தில் திரும்ப அடியுங்க. இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் பிளாஞ்ச் சுத்தம், டப்பா அல்லது மூடியின் தண்டுதான் இறுகியிருக்கும்.

ஆரையம்பதி_76:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். கன்வர்ட்டரை எடுத்துவிட்டால் புகைப் பரிசோதனையில் மாட்டாதா? எனக்கு அடுத்த மாதம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும், நானும் இதைச் செய்ய யோசித்தேன்.

ஓய்வுபெற்ற_ஃபோர்மன்:

டீசலுக்கு அங்கே எக்ஸலேட்டரை மிதித்துப் புகையின் கறுப்பைத்தான் அளக்கிறார்கள். இந்த வகைக் கன்வர்ட்டர் எரிப்பது கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத டீசல் ஆவியையும், கரியை அல்ல. அதனால் எடுத்தவுடன் புகை கறுக்கும் என்று இல்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போது கண் எரியும், உடுப்பெல்லாம் மணக்கும், பின்சீட்டில் பிள்ளை இருந்தால் அதற்கும்தான். பரிசோதனையில் தப்புகிறது என்பதற்காக எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அது அடைபட்டு உடைந்தால் ஒழியத் தொடாதே.

இழுவை கூடும் என்ற கதையும் அப்படித்தான். டீசல் எஞ்சினின் பலத்தைத் தீர்மானிப்பது ஊற்றுகிற டீசலின் அளவு. பைப்பைப் பெருப்பித்தால் டர்போ கொஞ்சம் முந்தி எழும்பும், அவ்வளவுதான்.

கல்லடி_டீசல், பழைய பைப்பைக் கேட்டு வாங்கினாயா?

கல்லடி_டீசல்:

இல்லை ஐயா, கராஜிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஓய்வுபெற்ற_ஃபோர்மன்:

போய் வாங்கு. அதற்குள் பிளாட்டினம் இருக்கிறது மனே. சும்மா எறிகிறதில்லை, அதை வாங்கவே ஆள் வரும்.

கல்லடி_டீசல்:

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போனது. பம்ப் சோதனை: பைப் பூட்டியிருக்கும்போது கம்பி 3 மி.மீ. நகர்ந்து டக் என்று நின்றது. இறக்கிவிட்டு அடித்தால் 9 மி.மீ. காக்கா, நீங்கள் பார்க்காமலே பார்த்துவிட்டீர்கள்.

பைப்பைக் கழற்றி டோர்ச் அடித்தேன். பிளாஞ்சின் உள்விளிம்பில், கரிக்கு நடுவே, நகப்பிறை அளவில் ஒரு பளபளப்பு. மூடியின் ஓரம் தட்டித் தட்டித் தேய்த்த இடம். அதற்குச் சற்றுக் கீழே ஒட்டுத் தழும்பு கொண்டைக்கடலை போல வீங்கிக்கொண்டு நிற்கிறது.

சம்மாந்துறை_வெல்டர்:

தட்டிய பக்கத்தை மட்டும் கிரைண்டரால் சரிவாக இறக்குங்க, கேஸ்கட் உட்காரும் முகத்தைத் தொட வேண்டாம். தூள் டர்போவுக்குள் போகக்கூடாது, பைப்பை வெளியே வைத்துத்தான் தேய்க்க வேணும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீங்க. ஸ்டட்டுகளுக்குக் கொப்பர் கிரீஸ் பூசுங்க, இல்லாட்டி அடுத்தமுறை உப்புக்காற்றில் அது உடைந்துதான் வரும்.

பைப் என்ன உலோகம்? ஸ்டெயின்லெஸ் 304 என்றால் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் ஏமாற்று என்றும் இல்லை, கம்பனிகளே 409 என்ற ஸ்டெயின்லெஸ் போடுகிறார்கள், அதில் ஒட்டும். 304 சூட்டில் இரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும், அதனால் ஃபிளெக்ஸ் கட்டாயம். பைப்பின் பாரத்தை ஃபிளெக்ஸ் தூக்கக்கூடாது, கீழே ஒரு ரப்பர்த் தொங்கல் இருக்கிறதா பாருங்க. சூட்டுத் துணி மட்டும் சுற்றாதீங்க. மார்கழி வெள்ளத்தில் ஓடினால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பைப்பை வெளிப்பக்கத்திலிருந்து தின்னும்.

கல்லடி_டீசல்:

முடிந்தது. தட்டிய பக்கம் தேய்த்துச் சரிவாக்கி, புதுக் கேஸ்கட் போட்டுப் பூட்டினேன். பூட்டியபடியே பம்ப் அடித்தால் இப்போது 9 மி.மீ. வருகிறது. நேற்று லுணுகலை ஏறினேன், மூன்றாம் கியர், முழு மிதி. அழுத்தம் 215-க்கும் 220-க்கும் இடையில் நின்றது. லைட் இல்லை.

இழுவையைக் கேட்டால், 1800 சுற்றிலேயே டர்போ எழும்புகிற மாதிரி இருக்கிறது. காசு செலவழித்த மனம் சொல்வதாகவும் இருக்கலாம்.

ரிமாப் செய்யவில்லை. பழைய பைப்பைக் கேட்கப் போனேன், முதலில் "எறிந்துவிட்டோம்" என்றார்கள். கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டு நின்ற பிறகு மேசைக்கு அடியிலிருந்து வந்தது. கன்வர்ட்டர் உடையவில்லை, வெளிச்சம் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. காக்கா, அதை வெட்டிப் புதுப் பைப்பில் சேர்த்து ஒட்டலாமா? சம்மாந்துறைக்கு எப்போது வரலாம்?

சம்மாந்துறை_வெல்டர்:

ஒட்டலாம். இரும்பும் ஸ்டெயின்லெஸும் சேருகிற இடத்துக்கு 309 ஒட்டுக்கம்பி வேணும், என்னிடம் இருக்கிறது. வெள்ளி தவிர எந்த நாளும் வாங்க, ஆனால் காலையில் எஞ்சின் ஆறியபடி வந்து சேருங்க.