சுவாச வைரஸும் தோலின் சிறு குருதிநாளங்களும்: எல்லாமே ‘அழற்சி’தானா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வாஸ்குலைடிஸ் (குருதிநாளச் சுவர் அழலுதல்), வாஸ்குலோபதி (குருதிநாளங்களுக்கு நேரும் எந்தக் கேடும்) இரண்டுக்கும் தமிழில் ‘தந்துகி அழற்சி’ (தந்துகி: மிக நுண்ணிய குருதிநாளம்) என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. சொல் கச்சிதமாகத்தான் இருக்கிறது; ஆனால் அதன் இரு பாதிகளிலும் எனக்குத் தடை உண்டு.

சளி, தொண்டைவலி வந்துபோன ஓரிரு வாரங்களில் சில குழந்தைகளுக்குக் கால்களிலும் பிட்டத்திலும் செந்நீலப் புள்ளிகள் எழும். தடவினால் மேடாகத் தட்டுப்படும், கண்ணாடியை வைத்து அழுத்தினாலும் வெளிறா. ஹீனாக், ஷோன்லைன் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் வழங்கிய இந்நோயைச் சேப்பல் ஹில் பெயரிடல் மாநாடு 2012இல் ‘ஐஜிஏ வாஸ்குலைடிஸ்’ என மாற்றியது. ஐஜிஏ என்பது நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களுள் ஒன்று. தோலில் இந்த எதிர்ப்பொருள் படிந்து சுவர் சிதைவது பெரும்பாலும் தந்துகிகளை அடுத்துள்ள நுண்சிரைகளில்தான் (மிகச் சிறிய சிரைகளில்). எனவே ‘தந்துகி’யைவிட, நுண்தமனி, தந்துகி, நுண்சிரை மூன்றையும் தழுவும் ‘குருதிச் சிறுநாளம்’ பொருந்தும். (‘குருதி’ இல்லாவிட்டால் ‘சிறுநாள அழற்சி’யைச் சில நாள் இருந்துபோகும் அழற்சி என்று படிப்பவர்களும் இருப்பார்கள்.)

‘அழற்சி’யில்தான் சிக்கல் பெரிது. கோவிட்-19 முற்றிய சிலருடைய தோலில் வலைபோலப் படர்ந்த கருஞ்சிவப்புத் திட்டுகளை ஆராய்ந்து 2020இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிறுநாளங்களுக்குள் குருதி உறைந்து அடைத்திருந்ததும், சுவர்களில் நிரப்புப் புரதங்கள் (நோயெதிர்ப்புக்குத் துணைபோகும் குருதிப் புரதங்கள்) படிந்திருந்ததும், அழற்சி அணுக்கள் மிகக் குறைவாகவே இருந்ததும் விவரிக்கப்பட்டன. இதை அழற்சி என்று பெயரிட்டால், படிக்கும் மாணவரின் சிந்தனை உறைவை விட்டு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளின் பக்கம் போய்விடும். அதே ஆண்டு ஸ்பெயின், இத்தாலி இளைஞர்களின் கால்விரல்களில் தோன்றிய ஊதாநிற வீக்கங்கள் வேறு வகை: பலருக்குப் பிசிஆர் சோதனையில் வைரஸ் அகப்படவில்லை, ஆனால் தோலில் நிணவணுக்கள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) நாளங்களைச் சூழ்ந்திருந்தன. அங்கே ‘அழற்சி’ தகும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வரும் இத்தகைய விரல் வீக்கத்துக்குக் (chilblain) ‘குளிர்க்கன்றல்’ எனலாம்.

ஆகவே என் முன்மொழிவு: வாஸ்குலோபதி என்னும் பொதுப்பெயருக்குக் ‘குருதிநாளக் கேடு’, அதில் சுவர் அழலும் வகை ‘குருதிநாள அழற்சி’, உறைந்து அடைபடும் வகை ‘குருதிநாள உறைவடைப்பு’. சிறியவற்றை மட்டும் குறிக்க நாளத்துக்கு முன் ‘சிறு’ சேர்த்தால் போதும். ‘உறையடைப்பு’ என்று சுருக்க வேண்டாம்; அஞ்சலுறை நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் ‘குருதிக்கலன்’ என்பதே வழக்கு. அங்குள்ளோர் நாளத்துக்குப் பதில் கலன் என்று எழுதினாலும் இம்மூன்றின் வேறுபாடு குலையாது.

அன்புடன்.