தெங்சோங் வெந்நீர் ஊற்றுக்கு அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

வணக்கம். நான் சீனாவில், குவாங்சோ நகரத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார், முழங்கால் வலிக்காரர், அதனால் யுன்னான் மாகாணத்தில் மியான்மர் எல்லையை ஒட்டியிருக்கும் தெங்சோங்கில், அறைக்கே தனி வெந்நீர்த் தொட்டி வைத்த ரிசார்ட்டாகப் பார்த்து இரண்டு ராத்திரி தங்கலாம் என்று யோசனை. காசு கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை. எரிமலைப் பகுதி அது. அங்கே ஒரு ஊற்றில் தண்ணீர் 97 டிகிரி வரை கொதிக்கிறது, பக்கத்திலேயே வைக்கோலில் சரமாகக் கட்டிய முட்டைகளை ஆவியில் வேகவைத்து விற்கிறார்கள். (அம்மா முட்டை தொடமாட்டார், அது என் பங்கு.)

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். பொதுக் குளங்களில் நீச்சலுடை கட்டாயம். போன வருடம் இங்கே பக்கத்தில் ஒரு இடத்துக்குப் போனபோது நீச்சல் தொப்பி இல்லையென்று வாசலிலேயே நிறுத்தி, பத்து யுவான் தொப்பியை நாற்பதுக்கு என் தலையில் கட்டினார்கள். சேலையைத் தவிர எதுவும் உடுத்தாத அம்மாவுக்கு, கை கால் முழுக்க மறைக்கும் நீச்சலுடை போட்டால் விடுவார்களா?

அப்புறம், அவருக்கு பிரஷர் மாத்திரை ஓடுகிறது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவோம், ஆனாலும் இப்படிப் பெரியவர்களைக் கூட்டிப்போனவர்கள் எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம் உட்காரவைத்தீர்கள்? சாப்பாடும் கவலைதான், கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிடுகிறார்கள். குட்டி ரைஸ் குக்கர் கொண்டுபோனால் அறையில் அனுமதிப்பார்களா? போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் அறை போட வேண்டும்.