புதுப்பிப்பு: சிரிஞ்சில் அடைத்துக்கொண்ட எலும்பு சிமெண்ட்

எலும்புக் குழியை நிரப்பும் சிமெண்டுக்காக, ஆல்பா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற கால்சியம் உப்பின் பொடியைச் சோடியம் பாஸ்பேட் கரைசலில் குழைத்து சிரிஞ்சில் அழுத்தினால் முதலில் தண்ணீர்தான் பிதுங்குகிறது, பாதியிலேயே அடைத்துக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை நன்றாகவே தேறியிருக்கிறது.

காரணம் நீங்கள் சொன்னதுதான். அழுத்தும்போது திரவம் துகள்களின் இடுக்கு வழியே முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. மிஞ்சும் வறண்ட பொடி முனையருகே இறுகிவிடுகிறது. கரைசலைக் கூட்டினால் சுலபமாக வரும்தான். ஆனால் அந்தக் கூடுதல் தண்ணீர் இருந்த இடமெல்லாம் பிறகு நுண்துளையாகி வலு குறையும். அதனால் அந்த வழியே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது சோடியம் சிட்ரேட். சிட்ரேட் அயனிகள் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டி எதிர்மின்னூட்டம் ஏற்றுவதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன, கட்டி சேர்வதில்லை. குறைந்த திரவத்திலேயே பசை முனையிலிருந்து அறுபடாத நூலாக இறங்குகிறது. பார்க்கவே அவ்வளவு நிம்மதி! அளவு மீறினால் மட்டும் ஆபத்து: அபடைட் (எலும்பில் இருப்பது போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம்) படிகங்கள் வளர்ந்து பின்னிக்கொள்வதால்தான் பசை இறுகுகிறது; அந்த வளர்ச்சியைச் சிட்ரேட் தடுக்கும், இறுகத் தாமதமாகும்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. 37 டிகிரி உப்புநீரில் பிழிந்தால், இறுகும் முன்பே ஓரங்கள் தூளாக உதிர்கின்றன. உடலுக்குள் அப்படி உதிர்ந்து ரத்தத்தில் கலப்பதை அனுமதிக்கவே முடியாது. அடுத்து, பசையைக் கெட்டியாக்கிச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ராக்சிபுரோபைல் மெத்தில்செல்லுலோஸ் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கப்போகிறேன். அதைச் சிட்ரேட்டோடு சேர்த்துப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், அழுத்தும் விசை எவ்வளவு கூடியது என்று சொல்லுங்கள்.