எண்ணெய்க் கசிவை ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட: பஞ்சு மூழ்கிவிடுகிறது, என்ன செய்யலாம்?

திருவொற்றியூர் டீச்சர்
ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேர். இரண்டு பீரியட் சேர்த்து 80 நிமிஷம் கிடைக்கும். 2017-ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதியதும், 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியதும் இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பேசப்பட்டவை. அங்கிருந்து தொடங்கி ஏரி, குளம், ஆறு என்று பாடத்தைக் கொண்டுபோக வேண்டும். ட்ரேயில் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, அதைப் பஞ்சால் எடுக்கும் சோதனையில் பஞ்சு தண்ணீரைக் குடித்து மூழ்குகிறது. எண்ணெய் மேலேயே நிற்கிறது. கேக் கலரும் எண்ணெயில் பிடிக்கவில்லை. எதை மாற்றுவது?

ஆய்வக உதவியாளர்
டீச்சர், அது மருந்துக்கடைப் பஞ்சாக இருக்கும். இழையின் மேலுள்ள இயற்கை மெழுகை நீக்கி, தண்ணீரை உறிஞ்சுவதற்கென்றே பதப்படுத்தியது அது. மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு கேளுங்கள். அதில் மெழுகு அப்படியே இருக்கும், இழையும் உள்ளே குழல்போல வெற்று. தண்ணீரில் நனையாது, எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஆனால் பிரித்ததும் பறந்து மூக்கில் ஏறும். கொசுவலைத் துண்டில் சுருட்டி இரண்டு முனையையும் நூலால் கட்டிவிடுங்கள். அதே சுருளை நீளமாகச் செய்தால் எண்ணெயை வளைத்து நிறுத்தும் மிதவைத் தடுப்பும் ஆகிவிடும்.

கேக் கலர் தண்ணீரில் கரைகிற சாயம், எண்ணெயில் ஏறாது. 100 மில்லி சூரியகாந்தி எண்ணெயில் அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு, புகை வராமல் சிறு தீயில் இரண்டு நிமிஷம் சூடாக்கி, ராத்திரி முழுக்க வைத்துத் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். 30க்கு 40 செ.மீ. வெள்ளை ட்ரேயில் 3 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் இரண்டரை செ.மீ. ஆழம் வரும். அதில் 20 மில்லி எண்ணெய் போதும். ஒரு ட்ரேக்கு நாலு பேர்.

வரிசை முக்கியம். முதலில் விசிறியால் வீசி, காற்று எண்ணெயைத் தள்ளுவதைக் காட்டுங்கள், பிறகு தடுப்பு, பிறகு பஞ்சு. சோப்புத் தண்ணீர் கடைசியில்தான். ஒரு சொட்டு சோப்பு விழுந்தாலும் எண்ணெய் சிதறி ஓரத்துக்கு ஓடும்; இலவம்பஞ்சும் நனைந்து தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு ட்ரேயில் ஒட்டியிருந்தாலும் இதே கதிதான், நன்றாக அலசிவிடுங்கள். கடைசியில் பஞ்சைப் பிழிந்து அளவுக் குழாயில் விட்டு, பத்து நிமிஷம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயை அளக்கச் சொல்லுங்கள். 20 மில்லி திரும்ப வராது. மீதி பஞ்சிலும் வலையிலும் ட்ரே சுவரிலும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இந்தச் சோதனையில் ஆக முக்கியமான இடம் அதுதான்.

ஏரிக்கரை
மேலே சொன்னது சரி. சோப்பு போட்டதும் எண்ணெய் கண்ணுக்கு மறைவதைப் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, பின்னால் டார்ச் அடித்துக் காட்டுங்கள். பால்போலக் கலங்கித் தெரியும். எண்ணெய் துளித்துளியாக உடைந்து மீன் மூச்சுவிடும் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கடலில் அது கரைந்து பரவ இடம் இருக்கிறது, ஏரியில் இல்லை. அதனால்தான் நல்ல தண்ணீரில் எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்து தெளிப்பதைத் தவிர்க்கிறார்கள்.

இன்னொன்று. எண்ணூர் முகத்துவாரம் உவர்நீர். புழலும் செம்பரம்பாக்கமும் குடிநீர் ஏரிகள். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் கடந்துவிடாதீர்கள். கடல்நீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,025 கிராம், நல்ல தண்ணீர் 1,000 கிராம். ரொம்பக் கனமான சில எண்ணெய்கள் கடலில் மிதக்கும், ஏரியில் அடியில் போய்ப் படியும். அங்கே மிதவைத் தடுப்பு பயன்படாது.

பரப்பைக் கணக்காகப் போடவையுங்கள்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி எண்ணெய் சீராகப் பரவினால் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன். அந்தத் தடிமனிலேயே வானவில் நிறம் தெரியும். ஒரு லிட்டர் என்றால் 1,000 சதுர மீட்டர். ட்ரேயில் சமையல் எண்ணெய் அவ்வளவு பரவாமல் வட்டவட்டமாக நிற்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தெருவுக்கு வாருங்கள். மெக்கானிக் கடை வாசலில் கொட்டிய பழைய இன்ஜின் ஆயில் மழைநீர் வடிகாலில் இறங்கினால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. நேரே கால்வாய்க்கோ ஆற்றுக்கோ ஏரிக்கோதான். பள்ளி வாசல் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று வரைபடத்தில் விரலால் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். சோதனைக்கு மட்டும் இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், உலோகமும் நச்சுப்பொருளும் கலந்தது.

கூடு
ஏரிக்கரையில் பளபளப்பைப் பார்த்ததும் எல்லாமே எண்ணெய் என்று முடிவுகட்ட வேண்டாம். குச்சியால் கீறுங்கள். ஓடுபோல உடைந்து துண்டாக நின்றால் இரும்புப் பாக்டீரியாவின் படலம், அதனால் கெடுதல் இல்லை. கலைந்து மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

எண்ணெய் பட்டால் பறவைக்கு என்ன ஆகும் என்பதைக் கோழி இறகு வைத்தும் காட்டலாம். அதற்கு முன் இறகைச் சோப்பில் கழுவினால் மூன்று நான்கு தண்ணீரில் அலசி முழுக்கக் காயவையுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் வெறும் தண்ணீரிலேயே நனைந்துவிடும், எண்ணெய் தொட்ட இறகுக்கும் தொடாத இறகுக்கும் வித்தியாசம் தெரியாது.

திருவொற்றியூர் டீச்சர்
ரொம்ப நன்றி. எட்டு ட்ரே தண்ணீரையும் முடிந்ததும் எங்கே ஊற்றுவது?

ஆய்வக உதவியாளர்
ஒரு ட்ரேயைத் தவிர மற்றதில் சோப்பு போடவே வேண்டாம். அந்த ஏழிலும் புது இலவம்பஞ்சால் இன்னொரு தடவை ஒற்றி எடுத்துவிட்டு, மண் தரையில் பரவலாக ஊற்றலாம். சமையல் எண்ணெய்தானே, சிறு அளவில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சோப்பு போட்ட ட்ரேயைக் கழிவறையில் ஊற்றுங்கள், அது சாக்கடைக் குழாய் வழியாகச் சுத்திகரிப்புக்குப் போகும். பஞ்சைத் தண்ணீரோடு மூடியுள்ள டப்பாவில் அடைத்துக் குப்பையில் போடுங்கள், கட்டியோ குவித்தோ வைக்காதீர்கள்: எண்ணெய் ஊறிய பஞ்சு தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.