மூட்டை நிலக்கரி: வாங்கியதில், வைத்ததில் உங்களுக்கு நடந்தது என்ன?

உறைந்தமூட்டை

போன குளிர்காலத்து விஷயம். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூட்டைக்கு 25 கிலோ, 40 மூட்டை. ஒரு டன்னைக் கோடையிலேயே எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் தரையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி இறுக்கினேன். சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கிண்டல் வேறு.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி, வீட்டைச் சூடாக்குகிற அடுப்பில் தணல் மங்கிக்கொண்டே வருகிறது. மேல் வரிசையெல்லாம் தீர்ந்திருந்தது. அடி வரிசையில் ஒரு மூட்டையை இழுத்தேன், அசையவில்லை. காலால் உதைத்தேன். கடப்பாரையை விட்டு நெம்பினேன். படக்கென்று பிய்ந்து வந்தது. பை பாதி தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, கரி மட்டும் ஒரே பாளமாகப் புரண்டு விழுந்தது. மூட்டையின் வடிவம் அப்படியே இருந்தது, கட்டு போட்ட இடத்துச் சுருக்கம் உட்பட. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே பனிக்கட்டி மின்னுகிறது. அந்தக் குளிரில் கையுறை இல்லாமல் சுத்தியலால் அதை உடைத்துக்கொண்டு நின்ற பத்து நிமிடம் இருக்கிறதே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

உடைத்ததை வாளியில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் வாளியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர்.

கடைக்காரரிடம் கேட்டால், "வைத்த இடம் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தார்ப்பாயில் ஒரு கிழிசல்கூட இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தத் தண்ணீரை அவர் எனக்கு விற்றாரா, நானே சேர்த்தேனா?

நாலாம்படி

பையைத் திருப்பிப் பார்த்தீர்களா? குண்டூசி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அடுக்கும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேறத்தான் அவை. தண்ணீருக்கும் அதே வாசல்தான். உள்ளே போகும், திரும்பி வர அவசரப்படாது.

தராசுக்காரன்

ஓட்டை ஓட்டை என்று வாங்கியவன் தலையிலேயே போடாதீர்கள். விற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூட்டை எடுக்கப் போன இடத்தில் ஒரு பையன் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கரிக்குவியலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். பூச்செடிக்கு ஊற்றுகிற மாதிரி, அவ்வளவு பொறுமையாக. அப்படியே பக்கத்தில் இன்னொருவன் அள்ளிப் பையில் கட்டுகிறான். கேட்டதற்கு, தூசி பறக்காமல் இருக்க என்றார்கள். அது பொய்யில்லை. கரியைக் கழுவித்தான் சலிக்கிறார்கள், தூசி அடங்கத் தெளிக்கவும் செய்கிறார்கள். ஆனால் தெளிப்பது வேறு, குளிப்பாட்டுவது வேறு.

வீட்டுக்கு வந்து குளியலறைத் தராசில் ஒரு மூட்டையை நிறுத்தேன், 25.3 கிலோ. ஆகா, தாராளமான மனிதர்கள் என்று நினைத்தேன். பிறகு அதைத் தகரத்தில் பரப்பி ஒன்பது நாள் காயவிட்டு, திரும்பவும் நிறுத்தால் 23.4. கிட்டத்தட்ட 2 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன். நாற்பது மூட்டைக்குக் கணக்குப் போட்டால் முழுசாக மூன்று மூட்டை தண்ணீர்! அதோடு முடியவில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்குகிற சூடும் நம் அடுப்பிலிருந்துதான் போகிறது.

உறைந்தமூட்டை தம்பி, விடாதீர்கள். அவரிடம் போய்க் கேளுங்கள்.

இமைபோனவள்

என் கதை தண்ணீரில்லை, தூள்.

மூட்டை தீரும்போது அடியில் மாவு மாதிரி கரித்தூள் தங்குமே, அதை வீணாக்குவானேன் என்று ஒருநாள் மூட்டையோடு கவிழ்த்து அடுப்பில் கொட்டினேன். தணல் செக்கச்செவேலென்று இருந்தது. மொத்தத்தையும் மூடிவிட்டது. அடுப்பின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரே இருட்டு. சுடர் இல்லை, சத்தம் இல்லை. அணைந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். பிறகு குனிந்து கதவைத் திறந்தேன்.

"புஃப்" என்று ஒரு சத்தம். சாக்கை உதறுகிற மாதிரி. ஒரு நீலநிறம் முகத்துக்கு நேராக வந்து திரும்பிப் போய்விட்டது. புகைக்குழாய் இணைப்பிலிருந்து தூசி கொட்டியது. வலி தெரியவில்லை. முதலில் வந்தது வாடைதான், கோழி வாட்டுகிற வாடை. கண்ணாடியில் போய்ப் பார்த்தால் வலது பக்கம் இமைமுடியே இல்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. தணலின் சூட்டில் புதுக்கரியிலிருந்து வாயு கிளம்பிக்கொண்டே இருக்கிறது. மேலே சுடர் இருந்தால் அது எரிந்து தீர்ந்துவிடும். நான் சுடரையே மூடிவிட்டதால் அவ்வளவும் உள்ளே தேங்கி நின்றது. கதவைத் திறந்து காற்றைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டது. இப்போதெல்லாம் கரி போடும்போது ஒரு மூலையில் தணலை வெறுமனே விட்டுவிடுகிறேன். அங்கிருந்து நீலச்சுடர் கிளம்பிப் புதுக்கரிமேல் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

இமை முளைத்துவிட்டது. ஆனால் கதவுப்பிடியைத் தொடும்போது முகம் தானாகத் திரும்பிக்கொள்கிறது.

பழையபுகைபோக்கி

தங்கச்சி, தப்பு கரித்தூள்மேல் இல்லை, கொட்டிய விதத்தின்மேல். எனக்கும் ஒருமுறை அப்படி ஆயிருக்கிறது, அதை விடுங்கள். இங்கே எல்லாரும் மூட்டையைத் திட்டுகிறார்களே தவிர, எதை வாங்குகிறோம் என்று யாரும் பேசக் காணோம். அதனால் நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கரியின் வகை. ஆந்த்ரசைட் என்பது கெட்டிக்கரி. கையில் எடுத்தால் அவ்வளவாக ஒட்டாது, உடைத்த முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். பற்றவைக்கப் பொறுமை வேண்டும். பற்றிவிட்டால் புகை அதிகமில்லாமல் மணிக்கணக்கில் நிற்கும். மென்கரி அப்படியில்லை. சட்டென்று பிடிக்கும், மஞ்சள் சுடர் அழகாக இருக்கும், கண்ணாடியும் புகைக்குழாயும் கரிபிடித்துப்போகும். கரித்தூளை அழுத்திச் செய்த உருண்டைகள் மூன்றாவது. அவை நனைந்தால் சில வகை ஓரம் உதிர்ந்து, திரும்பத் தூளாகிவிடும். ஆந்த்ரசைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. நனைந்தாலும் கரி கெடாது, காயவைத்தால் பழையபடிதான். ஆகவே உறைந்தமூட்டை தம்பி இழந்தது ஒரு ராத்திரித் தூக்கம், கரியையல்ல.

அடுத்தது துண்டின் அளவு. சலித்துப் பிரித்து அளவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அரிசி, பட்டாணி, கொட்டை என்று போகும். (பட்டாணிக்கு உள்ள இங்கிலீஷ் பெயரைத் தமிழில் எழுதினால் சிரிப்பீர்கள், வேண்டாம்.) பட்டாணி அளவு ஏறக்குறைய 14 முதல் 20 மில்லிமீட்டர், கொட்டை அளவு 20 முதல் 40. அரிசி அளவு, கரியைத் தானாக உள்ளே ஊட்டிக்கொள்கிற அடுப்புகளுக்கு. அதை வாங்கிச் சாதாரண அடுப்பின் அடிக்கம்பியில், அதாவது கரியைத் தாங்குகிற கம்பித்தட்டில், போட்டால் பாதி சாம்பல்தட்டுக்குப் போய்விடும், மீதி காற்றை அடைத்துவிடும். கரிக்குக் காற்று கீழேயிருந்து வர வேண்டும். விறகு மாதிரி மேல்காற்றில் எரியாது. இதனால்தான் விறகுக்கென்றே செய்த, அடிக்கம்பி இல்லாத அடுப்பில் கரியைப் போடாதே என்கிறார்கள்.

வைக்கிற முறைக்கு வருகிறேன். தரையில் வைக்கவே கூடாது, மரப் பேலட்டின்மேல் வையுங்கள். தார்ப்பாய் மேலே மட்டும் இருந்தால் போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் தரையிலிருந்து கிளம்பும் ஈரம் உள்ளேயே வியர்த்து, திரும்ப மூட்டைமேல்தான் சொட்டும். வெயிலும் ஆகாது. அந்தப் பிளாஸ்டிக் ஒரு கோடை முழுக்க வெயில் பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தூக்குகிறபோது கை மட்டும் மேலே வரும். தானாகச் சூடேறித் தீப்பிடிக்குமா என்று சிலர் பயப்படுகிறார்கள். மென்கரியை மலைபோலக் குவித்தால் அந்தப் பயம் நியாயம். வீட்டில் நாற்பது மூட்டை ஆந்த்ரசைட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

கடைசியாக, குளிர்காலம் முடிந்ததும் அடுப்பை அப்படியே விட்டுப் போகாதீர்கள். கரிச்சாம்பலில் கந்தகம் இருக்கிறது. காற்றின் ஈரம் பட்டால் அமிலமாகிப் புகைக்குழாயை அரித்துவிடும். கழற்றித் துடைத்துவிட்டுத்தான் கோடைக்குள் போக வேண்டும். என் முதல் குழாயில் விரல் வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது.

மெழுகுக்கம்பி

ஐயா, யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. ஆனால் கரி கெடாது, இழந்தது தூக்கம்தான் என்று சொன்னீர்களே, குளிரில் சுத்தியலோடு நின்றவரிடம் அதைச் சொல்லலாமா?

என் அனுபவம் விலை மலிவில் ஏமாந்தது. பையில் பெயர் இல்லை, வகை இல்லை, எடை மட்டும் அச்சடித்திருந்தார்கள். எரியவிட்டால் பிரமாதம். அப்படி ஒரு சூடு, சாம்பலே இல்லை. தினமும் அள்ளுகிற வேலை மிச்சம் என்று வீட்டில் பெருமை பேசினேன். ஆறாவது வாரம் அடிக்கம்பி அசைக்கிற பிடி திரும்பவில்லை. அடுப்பு ஆறியதும் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். நடுக்கம்பிகள் மூன்றும் மெழுகுவத்தி மாதிரி தொங்கிப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வார்ப்பிரும்பு!

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அது கரியோடு பெட்ரோலியம் கோக் கலந்த சரக்கு. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சுகிற கட்டி அது. சாம்பல் மிகக் குறைவு, சூடு அதிகம், கந்தகமும் அதிகம். நான் பெருமை பேசிய அந்தச் சாம்பல்தான் கம்பிக்குப் போர்வையாம். அது இல்லாமல் தணல் நேராகக் கம்பிமேலேயே உட்கார்ந்திருக்கிறது. மலிவாக வாங்கி மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு கம்பிக்குப் போனது.

பழையபுகைபோக்கி

பெயர் இல்லாத பையை வாங்கினீர்களே, அதைத்தான் நானும் சொன்னேன். எதை வாங்குகிறோம் என்று பார்க்கச் சொன்னேனா இல்லையா?

மெழுகுக்கம்பி

சொன்னீர்கள் ஐயா. மூன்று வருடம் தாமதமாக.

வெளிநின்றவர்கள்

சண்டைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம், ஆனால் இன்னும் நடுராத்திரியில் முழிப்பு வருகிறது.

அதிகாலை 3 மணிக்கு, கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேர்ந்தால் எச்சரிக்கிற கருவி அலறியது. அடுப்பைப் பார்த்தேன், நன்றாகத்தான் எரிகிறது, கதவு மூடியிருக்கிறது, குழாயும் சரி. கருவிதான் கெட்டுவிட்டது என்று பேட்டரியைக் கழற்றப் போனேன். கழற்றியே விட்டேன், ஒரு பக்கம். என் மனைவிதான் கையைத் தட்டிவிட்டு, "முதலில் பிள்ளைகளை வெளியே கொண்டுபோங்கள்" என்றாள். போர்வையோடு நாலு பேரும் பனியில் நின்றோம். சின்னவன் தூக்கத்திலேயே நின்றான்.

காரணம் அடுப்பில்லை. ராத்திரி அள்ளிய சாம்பல் வாளியை நடையில் வைத்திருந்தேன். மேலே பார்த்தால் சாம்பல், உள்ளே கங்கு. மூச்சுவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எனக்கு லேசான தலைவலி மட்டும் இருந்தது, குளிரால் என்று நினைத்திருந்தேன்.

இப்போது மூடி போட்ட இரும்பு வாளி, வெளியே கல்தளத்தில். மறுநாளும் உள்ளே சுடும், தொட்டுப் பாருங்கள்.

தராசுக்காரன்

கடவுளே. அந்தப் பேட்டரியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சரி, தம்பி என்ன ஆனார்? கடைக்காரரிடம் போனாரா?

உறைந்தமூட்டை

போகவில்லை அண்ணே. போவதற்கு முன்னால் நீங்கள் செய்த மாதிரியே செய்து பார்க்கலாம் என்று, அதே கடையில் ஒரே ஒரு மூட்டை வாங்கி வந்தேன். நிறுத்தேன், 25.2. வீட்டுக்குள் பத்து நாள் பரப்பிக் காயவைத்தேன். 24.8.

அரை கிலோகூட இல்லை. என் வாளியில் நின்ற தண்ணீரே அதைவிட அதிகம்.

பிறகு மீதி இருந்த அடி வரிசையைப் பிரித்துப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் இருந்த மூட்டைகள்தான் உறைந்திருந்தன, வெளிப்பக்கத்தவை வெறும் ஈரம். கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுவரோடு வழிந்து தார்ப்பாய்க்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. நான் இறுக்கிக் கட்டிய கட்டில் அது வெளியே போக வழியே இல்லை. ஆறு மாதம் தொட்டி கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறேன்.

இப்போது பேலட் போட்டுச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கியிருக்கிறேன். ஐயா சொன்னபடி பக்கங்களைத் திறந்துவிட்டேன்.

கடைக்காரரிடம் அன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன், அதை முதலில் எழுதவில்லை. அந்த ஒரு மூட்டையை வாங்கப் போனபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை, வண்டிவரை அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னும் பத்து மூட்டை எடுக்க வேண்டும்.