சிலிக்கானா, சலைனா? மார்பக இம்ப்ளான்ட் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

இம்ப்ளான்டின் மேலுறை சொரசொரப்பாக வேண்டாம் என்பது உறுதி. பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். என்ற அரிய நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வகையோடுதான் வருகிறது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை திரும்பப் பெறப்பட்டதும் அதனால்தான். வழவழப்பானதே சரி.

குழப்பம் உள்ளே நிரப்புவதில்: சலைன் எனும் உப்புநீரா, சிலிக்கான் ஜெல்லா? சலைன் உறை கிழிந்தால் மார்பு சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், உப்புநீரை உடலே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் தோல் மெல்லியதானால் ஓரத்தில் மடிப்பு தெரியும். சிலிக்கான் ஜெல் கிழிந்தால் வெளியே தெரியாமலே போகலாம்; ஆகவே அறிகுறி இல்லாவிட்டாலும் 5-6 ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு 2-3 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.

இதற்கு அல்ட்ராசவுண்டு மட்டும் எடுப்பவர்கள் உண்டா, எம்.ஆர்.ஐ.யும் கேட்டார்களா? தசைக்கு அடியில் வைத்தபின் சலைன் மடிப்பு எவ்வளவு மறைந்தது? சுற்றியுள்ள தழும்புத் திசு இறுகி மறு அறுவை செய்துகொண்டவர்கள், எத்தனையாவது ஆண்டில் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.